பதினைந்தாயிரம் லிட்டர்!

சென்னையில் கோடைகாலத்தில் தெருத்தெருவாக ஓடும் தண்ணீர் லாரியைப் பார்த்திருப்பீர்கள். பெரிய லாரி என்றால் பன்னிரண்டாயிரம் லிட்டர் பிடிக்கும். அப்படி ஒரு லாரி நிரம்பி, அதற்கு மேலும் மூவாயிரம் லிட்டர் மிச்சம் இருக்கிறது என்று கற்பனை செய்துகொள்ளுங்கள். உள்ளே இருப்பது தண்ணீர் அல்ல. சிறுநீர். அதுவும் யாருடையது? போலீஸ்காரர்களுடையது!

முகம் சுளிக்காதீர்கள். விஷயம் இருக்கிறது.

வருடம் 1931. இடம் ஜெர்மனி. அடால்ஃப் புட்டெனான்ட் என்கிற 28 வயது வேதியியல்காரர் அந்தப் பதினைந்தாயிரம் லிட்டரையும் காய்ச்சி, வடித்து, பிரித்து, மறுபடி காய்ச்சி... கடைசியில் கையில் மிஞ்சியது 15 மில்லிகிராம் வெள்ளைப் படிகம். ஒரு சிட்டிகை உப்பில் இருபதில் ஒரு பங்குகூடத் தேறாது. ஆனால், அந்தத் துகளுக்குள்தான் அவர் தேடியது இருந்தது. ஆணை ஆணாக்கும் சரக்கு. 'ஆண்ட்ரோஸ்டெரோன்' என்று பெயர் வைத்தார். இளம் போலீஸ்காரர்களைப் பிடித்ததற்குக் காரணம் இருக்கிறது. நல்ல திடகாத்திரமான ஆண்கள், மொத்தமாக ஒரே இடத்தில் கிடைப்பார்கள் அல்லவா!

இந்தக் கதையை நான் தேடிப் போனதற்குக் காரணம் என் தாய்மாமா. நாலு வருஷமாக டயாலிசிஸில் இருக்கிறார். அவருக்கு சிறுநீர் என்பதே வருவதில்லை.

வாரத்துக்கு மூன்று நாள், தடவைக்கு நாலு மணி நேரம். ஒருநாள் துணைக்கு ஆள் இல்லை என்று நான் போய் உட்கார்ந்தேன். வரிசையாகக் கட்டில்கள். எல்லாக் கட்டிலுக்கும் தலைமாட்டில் ஒரு மெஷின். ரத்தம் ஒரு குழாயில் வெளியே போகிறது, இன்னொரு குழாயில் திரும்பி வருகிறது. மாமா பேப்பர் படித்துக்கொண்டே திடீரென்று சொன்னார். "மாப்ளே, முன்னெல்லாம் தினம் ஷேவ் பண்ணாட்டி உங்க அத்தை கத்துவா. இப்ப வாரத்துக்கு ஒருவாட்டி பண்ணாலே போதும்டா. தாடியே வளர மாட்டேங்குது."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அப்புறம் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "தொடையைப் பாரு, கோழிக்கால் மாதிரி ஆயிடுச்சு. மாடி ஏற முடியல" என்றார். இன்னும் ஏதோ சொல்ல வந்தார். சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. மாமனும் மருமகனும் பேசுகிற விஷயமா அது?

டாக்டரிடம் சொன்னாரா? இல்லை. டாக்டர் கேட்டாரா? இல்லை. மாதாமாதம் யூரியா, க்ரியாட்டினின், பொட்டாசியம், பாஸ்பரஸ், ஹீமோகுளோபின் என்று நீளமாக ஒரு ரிப்போர்ட் வருகிறது. தாடிக்கும் தொடைக்கும் அதில் காலம் இல்லை. நான் பி.காம். படித்தவன். கணக்குப் புத்தகத்தில் எழுதப்படாத செலவுதான் கம்பெனியைக் கவிழ்க்கும் என்பது எங்களுக்கு முதல் வருஷப் பாடம்.

எப்போதிலிருந்து இந்தச் செலவு எழுதப்படாமல் போனது? அதைத் தேடினால் கதை இரண்டாம் உலகப் போருக்குப் போகிறது.

நெதர்லாந்தை ஹிட்லரின் படை பிடித்து வைத்திருந்த நேரம். வில்லெம் கோல்ஃப் என்ற இளம் டாக்டர், நாஜி ஆதரவாளர் ஒருவரின் கீழ் வேலை பார்க்கப் பிடிக்காமல், காம்ப்பன் என்கிற சிறு ஊர் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார். அவர் மனசில் ஒரு முள் தைத்திருந்தது. சில வருடங்களுக்கு முன், 22 வயதுப் பையன் ஒருவன் சிறுநீரகம் செயலிழந்து அவர் கண்ணெதிரில் செத்துப்போனான். அவனுடைய தாயிடம் போய் விஷயத்தைச் சொல்ல வேண்டியிருந்தது இவர்தான். உடம்பிலிருந்து தினம் கொஞ்சம் யூரியாவை வெளியே எடுக்க முடிந்திருந்தால் அந்தப் பையன் பிழைத்திருப்பானே?

எடுப்பதற்கு என்ன வழி? சாஸேஜ் என்கிற மாமிசப் பண்டத்துக்குத் தோலாகப் பயன்படுத்தும் செல்லோஃபேன் குழாய். அதற்குள் ரத்தத்தை ஓடவிட்டு, வெளியே உப்புக் கரைசலை வைத்தால் கழிவு மட்டும் தோலைத் தாண்டி வெளியே போகும். போர்க்காலம், எதுவும் கிடைக்காது. மரச் சட்டங்களால் ஒரு உருளை. அதன்மேல் சுற்றிய செல்லோஃபேன். கீழே எனாமல் தொட்டி. சுழலும் உருளைக்குள் ரத்தம் ஒழுகாமல் போய்வர வேண்டுமே? ஃபோர்டு காரின் வாட்டர் பம்ப்பில் இருக்கும் இணைப்பைப் பார்த்து அந்த யோசனையைப் பிடித்தார். 1943-ல் மெஷின் ஓடியது.

முதல் நோயாளி இறந்தார். அடுத்தவரும் இறந்தார். ஏறக்குறைய எல்லோருமே இறந்தார்கள். 1945-ல்தான் 67 வயதுப் பெண்மணி ஒருவர் முழுசாகப் பிழைத்து எழுந்தார். வேடிக்கை என்னவென்றால், அவர் நாஜிகளுக்கு ஒத்துழைத்தார் என்று சிறையில் இருந்தவர். ஊரே வெறுத்த ஒரு பெண்ணைத்தான் செயற்கைச் சிறுநீரகம் முதன்முதலில் காப்பாற்றியது. டாக்டர் என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும்.

கோல்ஃபின் மெஷினில் ஒரு சிக்கல். ஒவ்வொரு தடவையும் ரத்தக்குழாயைக் கீறித்தான் இணைக்க வேண்டும். நாலைந்து வாரம் போனால் கீறுவதற்குக் குழாய் மிஞ்சாது. ஆகவே, சில நாட்களுக்கு மட்டும் சிறுநீரகம் படுத்துக்கொண்ட கேஸ்களுக்குத்தான் டயாலிசிஸ். நிரந்தரமாகப் போனவர்களுக்கு? வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். சாவதற்கு.

அதை மாற்றியவர் அமெரிக்காவின் சியாட்டில் நகரத்து டாக்டர் பெல்டிங் ஸ்க்ரிப்னர். டெஃப்லான் தெரியுமில்லையா, நம்ம தோசைக்கல்லில் ஒட்டாமல் இருக்கப் பூசுகிற அதே சரக்கு. அதில் வளைந்த குழாய் செய்து கையிலேயே நிரந்தரமாகப் பொருத்திவிட்டார். ரத்தம் உறையாது, வேண்டும்போது மெஷினில் இணைக்கலாம், மற்ற நேரத்தில் இரு முனைகளையும் ஒன்றோடொன்று இணைத்து வைக்கலாம். 1960 மார்ச் 9-ம் தேதி கிளைட் ஷீல்ட்ஸ் என்கிற மெஷினிஸ்ட்டுக்கு அது பொருத்தப்பட்டது. வயது 39. போயிங் விமானக் கம்பெனித் தொழிலாளி. சில நாட்களில் சாக வேண்டியவர், பதினோரு வருடம் வாழ்ந்தார். 1971-ல் அவரைக் கொண்டுபோனது மாரடைப்பு.

உடனே பிரச்னை தொடங்கியது. 1962-ல் சியாட்டிலில் திறந்த டயாலிசிஸ் மையத்தில் சில கட்டில்கள்தான். வாசலில் நிற்பவர்களோ ஏராளம். யாருக்குக் கொடுப்பது? ஏழு பேர் கொண்ட ஒரு கமிட்டி போட்டார்கள். ஒரு வக்கீல், ஒரு பாதிரியார், ஒரு பேங்கர், ஒரு குடும்பத் தலைவி, ஒரு அரசு அதிகாரி, ஒரு தொழிற்சங்கத் தலைவர், ஒரு சர்ஜன். நோயாளியின் பெயர் தெரியாமல், அவரது வயது, வேலை, குடும்பம், பிள்ளைகள் எத்தனை, சம்பாதிக்கிறாரா, சர்ச்சுக்குப் போகிறாரா என்றெல்லாம் பார்த்து, 'இவர் வாழலாம், இவர் வேண்டாம்' என்று முடிவெடுத்தார்கள். 1962 நவம்பரில் 'லைஃப்' பத்திரிகையில் ஷானா அலெக்ஸாண்டர் என்ற பெண் நிருபர் இதைப் போட்டு உடைத்தார். அமெரிக்காவே அதிர்ந்தது. 1972-ல் அரசாங்கமே டயாலிசிஸ் செலவை ஏற்கும் சட்டம் வந்ததற்குப் பின்னால் இந்தக் கொந்தளிப்பும் உண்டு.

இங்கே ஒரு விநாடி நில்லுங்கள். கமிட்டி யாரைத் தேர்ந்தெடுத்தது? பெரும்பாலும் மனைவி, குழந்தைகள் உள்ள, உழைத்துச் சம்பாதிக்கிற ஆண்களை. 'இவன் பிழைத்தால் ஒரு குடும்பம் பிழைக்கும்' என்பது கணக்கு. கணக்கு சரி. ஆனால், மெஷினிலிருந்து திரும்பி வந்த ஆண், போன அதே ஆண் அல்ல. உயிர் இருந்தது. தெம்பு இல்லை. பல பேரால் பழைய வேலைக்குத் திரும்ப முடியவில்லை. தசை கரைந்தது. ஆசை வற்றியது. சிலருக்கு மார்பு பெண்களைப் போலப் பெருக்க ஆரம்பித்தது. இந்த மார்புப் பெருக்கத்தை டாக்டர்கள் முன்பே ஒரு இடத்தில் பார்த்திருந்தார்கள். இரண்டாம் உலகப் போரில் பட்டினிச் சிறைகளிலிருந்து மீண்ட போர்க் கைதிகளிடம்! பட்டினியில் அணைந்துபோன ஆண் ஹார்மோன், சோறு கண்டதும் தாறுமாறாகத் திரும்பி வருவதால் வருகிற வினை. சிறுநீரகம் கெட்டவனும் ஒருவகையில் பட்டினிச் சிறையிலிருந்து மீண்டவன்தானே.

அந்தக் காலத்தில் இதற்கெல்லாம் சொன்ன காரணம் என்ன தெரியுமா? 'மனசு.' மெஷினை நம்பி வாழ்கிற மனச்சோர்வு, மரண பயம், மனைவியிடம் தாழ்வு மனப்பான்மை. மனநல டாக்டர்கள் பக்கம் பக்கமாக எழுதினார்கள். மனசும் ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால், தாடி வளராததற்கு மனசு என்ன செய்யும்?

1975-ல் லிம், ஃபாங் என்ற இரண்டு டாக்டர்கள் ரத்தத்தை எடுத்து அளந்தே பார்த்துவிட்டார்கள். சிறுநீரகம் செயலிழந்த ஆண்களுக்கு டெஸ்டோஸ்டெரோன் குறைந்திருந்தது. விந்தணுக்களும் குறைந்திருந்தன. மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி 'வேலை செய், வேலை செய்' என்று கத்திக்கொண்டிருக்கிறது. விதைகள் காதில் வாங்கவில்லை. அதே ஆண்களுக்கு மாற்றுச் சிறுநீரகம் பொருத்தியதும் பெரும்பாலும் எல்லாம் சரியாகிறது. அதாவது கோளாறு உடம்பில்தான். (மாற்றுச் சிறுநீரகம் என்றதும் ஒரு பெருமைக்காகச் சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் அது முதன்முதலாக வெற்றிபெற்றது நம்ம வேலூர் சி.எம்.சி.யில், 1971-ல்.)

ஏன் இப்படி ஆகிறது? ரத்தத்தில் தேங்கும் கழிவு, விதைகளையே நேராக மந்தமாக்குகிறது. இன்னொரு பக்கம், 'ப்ரோலாக்டின்' என்று ஒரு ஹார்மோன். தாய்க்குப் பால் சுரக்க வைப்பது. ஆணுக்கும் துளியூண்டு உண்டு. அதை அவ்வப்போது அப்புறப்படுத்துவது சிறுநீரகம். சிறுநீரகம் படுத்துவிட்டால் அது ஏறிக்கொண்டே போகும். ஏறினால் மூளையிலிருந்து ஆண் ஹார்மோனுக்குப் போகும் ஆர்டரையே அமுக்கிவிடும். சர்க்கரை வியாதி, உடம்பில் ஓயாத அழற்சி, சில மாத்திரைகள் எல்லாம் மேலும் கொஞ்சம் தள்ளிவிடும். நல்ல சிறுநீரகம் நாளைக்கு 24 மணி நேரமும், வாரத்துக்கு 168 மணி நேரம் வேலை செய்கிறது. மெஷின் 12 மணி நேரம். பாக்கி 156 மணி நேரக் கடனை உடம்புதான் கட்டுகிறது.

சரி, ஹார்மோன் குறைந்தால் ஊசி போட்டு ஏற்றிவிட வேண்டியதுதானே? இந்த யோசனை மனிதனுக்கு ரொம்பப் பழசு. 1889 ஜூன் 1. பாரீஸில் பெரிய பெரிய விஞ்ஞானிகள் கூடிய சபை. பிரௌன் செக்வார் என்ற 72 வயது பேராசிரியர் எழுந்து நின்றார். நாய், கினிப் பன்றி இவற்றின் விதைகளை நசுக்கிச் சாறெடுத்துத் தனக்குத் தானே ஊசி போட்டுக்கொண்டதாக அறிவித்தார்! மாடிப்படி ஏற முடிகிறதாம், கையில் பலம் கூடிவிட்டதாம். அதற்கும் மேலே போய், தன் சிறுநீர் முன்பைவிட எத்தனை தூரம் பாய்கிறது என்று அளந்து, 25 சதவிகிதம் அதிகம் என்று சபையில் சொன்னார். சபையில் பாதிப்பேர் தலையைக் குனிந்துகொண்டிருக்க வேண்டும். ஆனால், சீக்கிரமே உலகம் முழுக்க அந்தச் சாறுக்குக் கிராக்கி! ஆஸ்திரேலிய டாக்டர்கள் 2002-ல் அதே முறையில் சாறெடுத்து அளந்து பார்த்தார்கள். அதிலிருந்த ஹார்மோன் எறும்புக்குக்கூடக் காணாது. பேராசிரியரை மாடி ஏற்றிவிட்டது நம்பிக்கைதான்.

நிஜச் சரக்கு கிடைக்க இன்னும் நாற்பது வருடம் ஆனது. 1927-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஃப்ரெட் காக் என்ற பேராசிரியரும் அவரது மாணவரும், அந்த ஊர் கசாப்புக் கூடங்களிலிருந்து நாற்பது பவுண்டு காளை விதைகளை வாங்கி வந்து 20 மில்லிகிராம் எடுத்தார்கள். 1931-ல் நம்ம போலீஸ் சிறுநீர். 1935-ல் ஆம்ஸ்டர்டாமில் எர்ன்ஸ்ட் லாக்கரின் குழு, காளை விதையிலிருந்து அசல் ஹார்மோனைப் படிகமாகப் பிரித்து 'டெஸ்டோஸ்டெரோன்' என்று பெயர் சூட்டியது. அதே வருடம் புட்டெனான்டும், ஸ்விட்சர்லாந்தில் ருஸிக்காவும் ஆளுக்கொரு பக்கம் கொலஸ்ட்ராலிலிருந்தே அதைச் செயற்கையாகச் செய்துவிட்டார்கள். 1939-ல் இருவருக்கும் நோபல் பரிசு. ஹிட்லர் அரசு, வாங்கக் கூடாது என்று புட்டெனான்டைத் தடுத்துவிட்டது. லாக்கர் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். நெதர்லாந்தைப் பிடித்த அதே நாஜிகளால் பதவி இழந்தார். அவர் கூட்டாகத் தொடங்கிய மருந்துக் கம்பெனி ஆர்கனான், ஒரு மாமிசத் தொழிற்சாலையின் மிச்சங்களை வைத்துப் பிறந்தது. கோல்ஃபின் மெஷினுக்கு சாஸேஜ் தோல், லாக்கரின் ஹார்மோனுக்குக் கசாப்புக் கழிவு. டச்சுக்காரர்கள் ஆட்டை உரித்தால் எதையும் வீணாக்குவதில்லை போலிருக்கிறது!

இந்த ஆர்கனான் பின்னாளில் விற்ற ஒரு ஊசி 'டெக்கா டியூராபோலின்'. உள்ளே இருப்பது 'நான்ட்ரோலோன்', டெஸ்டோஸ்டெரோனின் சித்தப்பா பிள்ளை என்று வையுங்கள். ஜிம்முக்குப் போகும் பையன்கள் சட்டென்று நிமிர்ந்து உட்கார்வது எனக்குத் தெரிகிறது. ஆமாம், அதேதான்.

எழுபதுகளில் டயாலிசிஸ் நோயாளிகளுக்கு இந்த வகை ஊசிகள் தாராளமாகப் போடப்பட்டன. ஆண்மைக்காக என்றா நினைக்கிறீர்கள்? இல்லை. ரத்தத்துக்காக!

சிறுநீரகம் கழிவை மட்டும் வடிகட்டவில்லை. 'ரத்தச் சிவப்பணு தயாரி' என்று எலும்பு மஜ்ஜைக்கு ஆணை அனுப்புவதும் அதுதான். சிறுநீரகம் போனால் ஆணை நின்றுவிடும். ஒரு ஆணுக்கு 13-க்கு மேல் இருக்க வேண்டிய ஹீமோகுளோபின் 6, 7 என்று தொங்கும். அடுத்தவர் ரத்தத்தை ஏற்றுவார்கள். கூடவே மஞ்சள் காமாலைக் கிருமி வரும், இரும்பு சேர்ந்து ஈரலைக் கெடுக்கும். ஆண் ஹார்மோனுக்கு ரத்த உற்பத்தியைத் தூண்டும் குணம் உண்டு. பெண்களைவிட ஆண்களுக்கு ஹீமோகுளோபின் கூடுதலாக இருப்பதற்கே அதுதான் காரணம். ஆகவே, இருந்த ஒரே வழி என்று இதைப் போட்டார்கள். மாத்திரையைவிட ஊசியே மேல் என்று 1981-ல் ஒரு ஆராய்ச்சி ஒப்பிட்டுச் சொன்னது. டயாலிசிஸில் இருந்த பெண்களுக்கும் போட்டார்கள். பாவம், அவர்களுக்குக் குரல் கட்டையானது, முகத்தில் ரோமம் முளைத்தது.

அந்த நேரத்தில், அதே சிகாகோ பல்கலைக்கழகத்தில் இன்னொருவர் இன்னொரு சிறுநீருக்காகக் காத்துக்கொண்டிருந்தார். யூஜீன் கோல்ட்வாசர். சிறுநீரகம் அனுப்பும் அந்த ஆணை, 'எரித்ரோபொய்ட்டின்' என்கிற பொருள் எது என்று 1955-லிருந்து தேடிக்கொண்டிருந்தவர். ஆட்டு ரத்தத்தில் தேடினார். சிக்கவில்லை. ஜப்பானில் டாக்டர் மியாக்கே என்பவருக்கு ஒரு யோசனை. மஜ்ஜை செத்துப்போன ரத்தசோகைக்காரர்களின் உடம்பு, வேறு வழியில்லாமல் அந்த ஆணையை அளவுக்கு அதிகமாக அனுப்பிக்கொண்டே இருக்கும். அது சிறுநீரில் வழியும். அவர்களிடமிருந்து 2,550 லிட்டர் சேகரித்தார். காய்ச்சி உலர்த்தினார். 1975 டிசம்பரில் சிகாகோ ஓட்டல் ஒன்றின் வரவேற்பறையில் கோல்ட்வாசரைச் சந்தித்து, பட்டுத் துணியில் அழகாகச் சுற்றிய ஒரு பொட்டலத்தைக் குனிந்து வணங்கிக் கொடுத்தார். உள்ளே இருந்தது அதுதான். அதிலிருந்து சுத்தமாகக் கிடைத்தது 8 மில்லிகிராம்.

அந்த எட்டு மில்லிகிராமை வைத்துக்கொண்டு, ஆம்ஜென் என்ற புதுக் கம்பெனியில் ஃபூ-குவென் லின் அதன் ஜீனைக் கண்டுபிடித்தார். மருந்தாகத் தயாரானதும் முதலில் போட்டுப் பார்த்த இடங்களில் ஒன்று சியாட்டில், டாக்டர் எஷ்பாக். 1987-ல் அவர் குழு வெளியிட்ட முடிவைப் படித்து டாக்டர்கள் அசந்துபோனார்கள். ரத்தம் ஏற்றிக்கொண்டே இருந்தவர்களுக்கு இனி ஏற்றவே வேண்டாம்! 1989-ல் அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது. (கோல்ட்வாசர் பெயரில் பேட்டன்ட் இல்லை. கம்பெனி கோடி கோடியாக அள்ளியது. அது தனி வயிற்றெரிச்சல்.)

நல்லது நடந்தது. சந்தேகமே இல்லை. ஆனால், அந்தச் சந்தோஷத்தில் ஒன்றை யாரும் கவனிக்கவில்லை என்பது என் அபிப்பிராயம். ரத்தத்துக்குப் புது ஊசி வந்ததும், பழைய ஆண் ஹார்மோன் ஊசி அலமாரியிலிருந்து காணாமல் போனது. அது ரத்தத்தோடு சேர்த்துத் தசைக்கும் ஏதோ செய்துகொண்டிருந்ததே, அந்த வரவு என்ன ஆனது? அதை யாரும் கணக்கில் எழுதவே இல்லை. எழுதாத வரவு நின்றால் யாருக்குத் தெரியும்?

பத்து வருடம் கழித்து ஒருவருக்குத் தெரிந்தது. சான் ஃபிரான்சிஸ்கோவைச் சேர்ந்த டாக்டர் கிர்ஸ்டன் ஜோஹான்சன் என்ற பெண்மணி. டயாலிசிஸில் இருந்த 29 பேரை எடுத்துக்கொண்டார். ஒரு பாதிக்கு வாரம் ஒரு நான்ட்ரோலோன் ஊசி, மறுபாதிக்கு வெறும் ஊசி. ஆறு மாதம். 1999-ல் முடிவு வெளியானது. மருந்து போட்டவர்களுக்குக் கொழுப்பில்லாத உடல் எடை சராசரியாக 4.5 கிலோ கூடியது, மற்றவர்களுக்கு 1.9 கிலோ. நடையும் படியேறுவதும் மேம்பட்டது. 2006-ல் 79 பேரிடம் இன்னொரு சோதனை. இந்த முறை, டயாலிசிஸ் நடக்கும்போதே கட்டிலில் படுத்தபடி கணுக்காலில் எடையைக் கட்டிக் காலைத் தூக்கி இறக்கும் பயிற்சி. ஊசியும் தசையை வளர்த்தது. ஊசியே இல்லாத வெறும் பயிற்சியும் தொடைத் தசையைப் பெருக்கியது.

ஸ்டாக்ஹோமிலிருந்து 2009-ல் வந்த செய்தி இன்னும் கனமானது. டயாலிசிஸ் செய்துகொள்ளும் 126 ஆண்களை வருடக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். டெஸ்டோஸ்டெரோன் குறைவாக இருந்தவர்களிடம் மரணம் அதிகமாக இருந்தது. அதாவது இது படுக்கையறைச் சமாச்சாரம் மட்டும் இல்லை.

உடனே மெடிக்கல் ஷாப்புக்கு ஓடாதீர்கள்! ஹார்மோன் குறைந்ததால் சாவு வந்ததா, சாகிற அளவுக்கு உடம்பு கெட்டதால் ஹார்மோன் குறைந்ததா? அந்த ஆராய்ச்சி இதைச் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. இதய ஆபத்துள்ள ஐயாயிரத்துச் சொச்சம் ஆண்களுக்கு டெஸ்டோஸ்டெரோன் கொடுத்துப் பார்த்த பெரிய சோதனையின் முடிவு 2023-ல் வந்தது. அவர்கள் டயாலிசிஸ் நோயாளிகள் அல்ல. மாரடைப்பு கூடவில்லை என்பது நல்ல சேதி. இதயத்துடிப்புக் கோளாறும், நுரையீரலில் ரத்தக்கட்டியும் கொஞ்சம் கூடின என்பது கெட்ட சேதி. ப்ராஸ்டேட்டில் பிரச்னை இருப்பவர்கள் கிட்டவே போகக் கூடாது. ரத்த ஊசி விஷயத்திலேயே உலகம் சூடு பட்டிருக்கிறது. ஹீமோகுளோபினை நார்மலுக்கே ஏற்றிவிடலாம் என்று ஆசைப்பட்ட ஒரு சோதனையில், அப்படி ஏற்றியவர்கள்தான் பலனில்லாமல் அதிகம் அவதிப்பட்டார்கள். 1998-ல் அது பாதியில் கைவிடப்பட்ட விவரம் வெளியானது. குறைவது ஆபத்து என்பதால் கூடுவது நல்லது என்று ஆகிவிடாது.

இதில் எனக்கு ஆறாத கோபம் ஒன்று உண்டு. மாமா மாதிரி ஆட்கள் கேட்கக் கூச்சப்படுகிற இந்த இரண்டு மருந்துகளையும், தேவையே இல்லாதவர்கள் வெட்கமில்லாமல் போட்டுக்கொண்டார்கள். 1998-ல் பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில் ஒரு அணியின் கார் நிறைய எரித்ரோபொய்ட்டின் பிடிபட்டது. லான்ஸ் ஆம்ஸ்ட்ராங் 2013-ல் டி.வி.யில் உட்கார்ந்து, எரித்ரோபொய்ட்டின், டெஸ்டோஸ்டெரோன் இரண்டையும் பயன்படுத்தியதாக ஒப்புக்கொண்டார். மலை ஏற ஒருவனுக்கு. இங்கே மாடி ஏற ஒருவருக்கு இல்லை.

போன மாதம் மறுபடி மாமாவுக்குத் துணையாகப் போனேன். இந்தத் தடவை நானே டாக்டரிடம் கேட்டேன். அவர் ஒன்றும் சங்கடப்படவில்லை. "சொன்னாத்தானே சார் தெரியும்" என்று டெஸ்டோஸ்டெரோன், ப்ரோலாக்டின் இரண்டுக்கும் டெஸ்ட் எழுதினார், காலையில் எடுக்கச் சொல்லி. ஹார்மோன் குறைவாக இருந்தால் சிறப்பு டாக்டரைப் பார்க்கலாம், அதுவரை காலுக்குப் பயிற்சி, தட்டில் புரோட்டீன் என்றார். மாமா டாக்டர் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் போனதும் அரை கிலோ மணல் பையைக் கணுக்காலில் கட்டிவிட்டேன். மாமா காலைத் தூக்கி இறக்க, நான் போலீஸ்காரர்கள் கதையைச் சொன்னேன். ஜப்பான்காரரின் பட்டுத் துணிப் பொட்டலத்தையும் சொன்னேன். பன்னிரண்டாவது தடவை காலைத் தூக்கியவர் அப்படியே நிறுத்தினார்.

"பதினஞ்சாயிரம் லிட்டரா?"

"ஆமா மாமா."

மெஷினில் ஓடும் எண்களையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"எனக்கு ஒரு டம்ளர் வந்தா போதும்டா மாப்ளே" என்றார். பக்கத்துக் கட்டில்காரர் சிரித்த சிரிப்பில் நர்ஸ் என்னவோ ஏதோ என்று ஓடிவந்தார்.